நீலகிரிக் கல்லும் பழநி மலைக் கல்லும்: புவிச்சுற்றுலா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூரைச் சுற்றியுள்ள சாலையோரப் பாறைகளைக் காட்டும் சிறு நடைகளைச் சில ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். நடைக்கு வரும் விருந்தினர்கள், காட்டேஜ் வைத்திருப்பவர்கள், வாடகை கார் ஓட்டுநர்கள், பள்ளி ஆசிரியர்கள், பழநி மலைத்தொடரின் மேலுள்ள கொடைக்கானலில் இருந்து தொலைபேசியில் அழைக்கும் வழிகாட்டிகள் என வெவ்வேறு ஆட்கள், பாறையையும் நில அமைப்பையும் பார்த்து அறியும் புவிச்சுற்றுலா பற்றியும் அதற்கான புவிப்பூங்கா பற்றியும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். முன்னே சொன்னதைப் பின்னே மீண்டும் சொல்லவில்லை என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

புவிப்பூங்கான்னா ரோஜாப் பூங்கா மாதிரி டிக்கெட் வாங்கி உள்ளே போகிற இடமா?

இல்லை. பெயரில் பூங்கா என்று இருந்தாலும் அதற்கு வேலியும் கிடையாது, வாயிற்கதவும் கிடையாது. ஊர்கள், தேயிலைத் தோட்டங்கள், காடு, சாலை, கோயில் எல்லாம் அடங்கிய ஒரே தொடர்ச்சியான நிலப்பரப்பு, அதன் பாறைகளும் நில அமைப்பும் உலக அளவில் முக்கியமானவையாக இருந்து, அந்தப் பாரம்பரியத்தை அங்கு வாழும் மக்களே காத்து, கற்பித்து, அதனால் வருமானமும் பெறும் வகையில் நடத்தப்படுமானால், அதைப் புவிப்பூங்கா என்கிறார்கள். யுனெஸ்கோ இதற்கு நான்கு அடிப்படைகளை வைத்திருக்கிறது: உலக மதிப்புள்ள புவியியல் பாரம்பரியம், முறையான நிர்வாக அமைப்பு, வெளியாருக்குத் தெரியும்படியான அடையாளம், பிற புவிப்பூங்காக்களோடு கூட்டுறவு. நான்காவது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று, அது கட்டாயம்.

2025 ஏப்ரல் நிலவரப்படி 50 நாடுகளில் 229 யுனெஸ்கோ உலகப் புவிப்பூங்காக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. ஆகவே இப்பக்கத்தில் நீலகிரி, பழநி மலைகளைப் பற்றிச் சொல்பவற்றில் பெரும்பகுதி, பட்டம் வரும்வரை காத்திராமல் இப்போதே செய்யக்கூடியவை.

வ்யூ பாயின்ட்டில் நின்று போட்டோ எடுப்பதுதானே புவிச்சுற்றுலா? அதைத்தான் இப்போதே செய்கிறோமே?

வ்யூ பாயின்ட்டில் நிற்பவர் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார். தாம் எதன்மேல் நிற்கிறோம் என்பதைப் பார்ப்பதில்லை. அடுத்த முறை குன்னூர்ச் சாலையில் அண்மையில் வெட்டிய மண்சுவரின் பக்கம் பாதுகாப்பாக வண்டியை நிறுத்தும் இடம் கிடைத்தால், இறங்கிப் பாருங்கள். மேலே ஓரடி கருமண், அதன்கீழ் ஆள் உயரத்துக்குச் செம்மண், அந்தச் செம்மண்ணுக்குள் பூசணிக்காய் அளவில் உருண்டைக் கற்கள் புதைந்திருக்கும். அந்த உருண்டைகளை எவரும் கொண்டுவந்து புதைக்கவில்லை. ஒரே பாறை, விரிசல் வழியாக இறங்கிய மழைநீரில் ஓரங்களிலிருந்து அழுகி மண்ணாக, நடுப்பகுதி மட்டும் கல்லாக எஞ்சியிருக்கிறது. உருண்டையின் மேல்தோலை நகத்தால் கீறினால் வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காக உதிரும்.

உடைந்த கல் ஒன்று கிடந்தால் அதன் புதிய முகத்தில் பாட்டிலிலிருந்து ஒரு கை நீரை ஊற்றுங்கள். காய்ந்திருக்கும்போது வெறும் கருங்கல்லாகத் தெரிந்தது, நனைந்ததும் எண்ணெய் தடவியது போன்ற கரும்பச்சையாகும்; இடையிடையே நீலம் பாய்ந்த குவார்ட்சும், சில இடங்களில் மாதுளை முத்துப் போன்ற கார்னெட் மணிகளும் தெரியும். இதற்குக் கட்டணமும் இல்லை, கூட்டமும் இல்லை. அருகில் நின்று இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். புவிச்சுற்றுலாவின் தரம் அந்த ஆளைப் பொறுத்தது.

நீலகிரி எரிமலையால் உண்டானது, கொடைக்கானல் ஏரி எரிமலை வாய் என்று எங்கள் டிரைவர் சொன்னாரே, உண்மையா?

இரண்டும் தவறு. நீலகிரியின் பாறை சார்னகைட் எனப்படும் வகை. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், தரைக்குக் கீழே 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருமாறியது. அதன்மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் காலப்போக்கில் அரித்துப் போன பிறகே நாம் இன்று அதன்மேல் தேயிலை பயிரிடுகிறோம். பூமியின் அடித்தளத்தைப் பார்க்கச் சுரங்கம் தோண்ட வேண்டியதில்லை, 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சிக்குப் போனால் போதும் என்று நான் விருந்தினர்களிடம் சொல்வதுண்டு.

கொடைக்கானல் ஏரி இயற்கை ஏரியே அன்று. 1863-இல் மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்ச் ஓடையை மறித்து அமைத்தது. ஊட்டி ஏரியும் மனிதர் அமைத்ததுதான். கொடைக்கானலின் தூண் பாறைகளும் அவற்றை அடுத்துள்ள குணா குகையின் பிளவுகளும், செங்குத்தான விரிசல்களின் வழியே பாறை சிதைந்து விலகியதால் உண்டானவை. ஓட்டுநர்களைக் குறைகூற மாட்டேன். அவர்களுக்கு இதை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ரெண்டு மலையிலும் ஒரே கருங்கல்தானே? ஊட்டியும் கொடைக்கானலும் சேர்ந்து சொல்ல என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் நீலகிரிப் பாறை 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அடைந்த உருமாற்றத்தைப் பெருமளவு அப்படியே வைத்திருக்கிறது. பழநி மலைப் பாறையோ, அதற்கு வெகுகாலத்துக்குப் பின், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில் மறுபடியும் அடுப்பில் ஏறியது. கொடைக்கானல் சாலையில் எல்லோரும் தேநீர் குடிக்க நிறுத்தும் பெருமாள்மலைப் பகுதியிலும், மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டியிலும் சஃபிரின் என்னும் அரிய கனிமம் கொண்ட பாறைகள் உள்ளன. 900 டிகிரியைத் தாண்டிய வெப்பத்துக்குச் சாட்சியாக அவற்றைப் பல நாட்டுப் புவியியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பெருமாள்மலையில் பஜ்ஜி சாப்பிடும் பயணிக்கு அது தெரியாது.

இரண்டு மலைகளுக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. அதையும் அதன் கிழக்குத் தொடர்ச்சியையும், பழைய இரு நிலத்தட்டுகள் ஒட்டிய தையல் என்று பல புவியியலாளர்கள் கருதுகிறார்கள். ஊட்டியில் இரண்டு நாள் தங்கிவிட்டுக் கொடைக்கானலுக்குக் கிளம்பும் குடும்பம் கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழநி வழியாகப் போகும்போது இந்தத் தையலின் ஓரமாகத்தான் காரில் தூங்கிக்கொண்டு போகிறது. உடுமலைப் பக்கம் நிற்கும் காற்றாலைகள், கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பாய்வதால் சுழல்பவை. ஊட்டி வழிகாட்டி கதையின் முதற்பாதியைச் சொல்லி, வழியில் எங்கே விழித்திருக்க வேண்டும் என்று குறித்துக் கொடுத்து, கொடைக்கானல் வழிகாட்டி மறுபாதியைச் சொன்னால், இடைப்பட்ட சமவெளிப் பயணமும் சுற்றுலாவாகிவிடும். தனித்தனியே சொன்னால் இரண்டும் கருங்கல்தான்.

பூங்காக்கள் ஒத்துழைப்பது என்றால் அதிகாரிகள் கூடி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதா?

கையெழுத்தும் உண்டு, ஆனால் அதனால் மட்டும் எதுவும் ஓடுவதில்லை. 2000-இல் பிரான்ஸ், கிரீஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஆகிய நாடுகளிலிருந்து நாட்டுக்கு ஒன்றாக நான்கு இடங்கள் சேர்ந்து ஐரோப்பியப் புவிப்பூங்கா வலையமைப்பைத் தொடங்கின. பிரான்சில் ஒத்-ப்ரோவான்ஸ், கிரீஸில் லெஸ்வோஸ் தீவின் கல்மரக் காடு, ஜெர்மனியில் வுல்கான்ஐஃபல் எரிமலைப் பகுதி, ஸ்பெயினில் மாஸ்திராஸ்கோ ஆகியவை அவை. உலக வலையமைப்பு 2004-இல் பிறந்தது. யுனெஸ்கோ இதைத் தன் அதிகாரபூர்வத் திட்டமாக ஏற்றது 2015-இல்தான். அதாவது பட்டம் பின்னால் வந்தது, கூட்டுறவு முன்னால் வந்தது.

அந்தக் கூட்டுறவின் மிகக் கூர்மையான பகுதி மறுமதிப்பீடு. ஒவ்வொரு புவிப்பூங்காவும் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்படுகிறது. சோதிக்க வருபவர்களில் பலர் வேறு புவிப்பூங்காக்களில் வேலை செய்பவர்கள். நிலை சரியாக இருந்தால் பச்சை அட்டை. குறை இருந்தால் மஞ்சள் அட்டையும் திருத்த இரண்டு ஆண்டும். திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, பட்டம் போய்விடும். சக தொழிலாளி வந்து பார்க்கும்போது மறைக்க முடியாதவை உண்டு. நானே அச்சடித்த துண்டறிக்கையில் 250 கோடிக்குப் பதிலாக 25 கோடி என்று போட்டுவிட்டேன். மூன்று மாதம் விருந்தினர் எவரும் கவனிக்கவில்லை, கொடைக்கானலிலிருந்து வந்த ஒரு வழிகாட்டி கையில் வாங்கிய உடனே, “ஒரு சைபர் எங்கே, அண்ணா?” என்றார்.

கேரளமும் கர்நாடகமும் வேறு மாநிலம். அவர்களோடு எப்படிச் சேர்வது?

நாடே வேறாக இருந்தும் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். வட அயர்லாந்தின் மார்பிள் ஆர்ச் குகைப் புவிப்பூங்கா 2008-இல் எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசின் கவான் பகுதிக்கும் விரிந்து, உலகின் முதல் எல்லை கடந்த புவிப்பூங்காவானது. அந்த எல்லையில் நடந்த பூசல்களை நினைத்தால், முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் இடையிலான சோதனைச் சாவடி பெரிய தடையன்று. நம்மிடமும் முன்மாதிரி இருக்கிறது: 1986-இல் அறிவிக்கப்பட்ட நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம், 5,520 சதுர கிலோமீட்டரில், மூன்று மாநிலங்களிலும் பரவியது.

கல்லின் கதையும் மாநில எல்லையில் நிற்பதில்லை. மலப்புறம் மாவட்டத்து அங்காடிப்புறம், செம்பாறைக்கு உலகம் வழங்கும் லேட்டரைட் என்ற பெயரை கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் பிரான்சிஸ் புக்கானன் 1807-இல் கொடுக்கக் காரணமான இடம். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. பெங்களூரு லால்பாக் குன்றும், சென்னை பரங்கிமலைச் சார்னகைட்டும் அதே பட்டியலில் உள்ளன. சார்னகைட் என்ற பெயரை 1893-இல் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்தார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் ஆனது என்பதே காரணம். லால்பாக், பரங்கிமலை, அங்காடிப்புறம் மூன்றிலும் “இதன் தொடர்ச்சியை நீலகிரியில் காண்க” என்று ஒரு வரி எழுத எந்த ஒப்பந்தமும் தேவைப்படாது.

ஏற்கெனவே உயிர்க்கோளம், உலகப் பாரம்பரியம், புலிகள் காப்பகம். இன்னொரு பட்டம் எதற்கு?

நியாயமான கேள்வி, யுனெஸ்கோவே இதைக் கேட்கும். புவிப்பூங்காவாக விண்ணப்பிக்கும் இடம் அதன் வேறு பட்டம் பெற்ற இடத்தோடு மேற்படிந்தால், இன்னொன்று எதற்கு என்று சான்றுகளோடு விளக்க வேண்டும். முக்குருத்தித் தேசியப் பூங்கா 2012 முதல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியத்தின் பகுதி. மலை ரயில் 2005 முதல் பாரம்பரியச் சின்னம். ஆனால் முதலாவது உயிரினங்களுக்காகவும் இரண்டாவது பொறியியலுக்காகவும் கிடைத்தவை. வரையாட்டைப் பற்றிப் பேசுகிறோம், அது நிற்கும் பாறையைப் பற்றி எந்தப் பட்டமும் பேசவில்லை.

என் கருத்து: பட்டத்துக்கு இப்போது அவசரம் வேண்டாம். விண்ணப்பிக்கும் முன்பே குறைந்தது ஓராண்டு அந்த இடம் நடைமுறையில் புவிப்பூங்காவாக இயங்கியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஓராண்டு வேலையைச் செய்து பார்த்தாலே, பட்டம் தேவையா இல்லையா என்பது நமக்குத் தெரிந்துவிடும்.

புவிப்பூங்கா வந்தால் சொந்த நிலத்தில் வீடு கட்டக்கூட முடியாதாமே?

கூடலூர்ப் பக்கம் நிலப் பிரச்சினையில் தலைமுறைகளாக அலைக்கழிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, அந்த அச்சத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. யுனெஸ்கோ புவிப்பூங்கா என்ற அறிவிப்பு தானாக எந்தப் புதிய நிலக் கட்டுப்பாட்டையும் கொண்டுவருவதில்லை. முக்கியமான பாறைத் தலங்கள் மட்டும் உள்நாட்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டிருக்க வேண்டும். மலைப்பகுதியில் கட்டுமானத்துக்கு இப்போது இருக்கும் விதிகள் கூடவும் செய்யா, குறையவும் செய்யா. உள்ளூர் மக்களின் சம்மதமும் பங்கேற்பும் இல்லாத விண்ணப்பம் ஏற்கப்படாது என்பதையும் கிராமக் கூட்டங்களில் சொல்ல வேண்டும்.

காட்டுக்குள்ளே விடமாட்டார்கள். அப்புறம் எதைப் பார்ப்பது?

காட்டுக்குள் போகவே தேவையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டர் செல்லும் மலை ரயில், பாறையை வெட்டிப் போட்ட பாதை. 1899-இல் குன்னூரையும் 1908-இல் ஊட்டியையும் எட்டியது. கல்லாற்றைத் தாண்டிப் பற்சக்கரம் பிடித்து, 12 அடிக்கு ஓரடி என்று ஏறும்போது, சன்னலுக்கு ஒரு முழம் தள்ளி சார்னகைட் சுவர் ஈரத்தோடு மெல்ல நகரும். அதைவிடச் சிறந்த பாறைக் காட்சிக்கூடம் தென்னிந்தியாவில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. லேம்ஸ் ராக், டால்பின்ஸ் நோஸ், கோடநாட்டிலிருந்து தெரியும் ரங்கசாமித் தூண், மாயாற்றுப் பள்ளத்தாக்கு, பழநி மலைப் பக்கம் டம் டம் பாறையிலிருந்து தெரியும் தலையாறு அருவி என எல்லாமே சாலையிலிருந்து பார்க்கக்கூடியவை.

நடந்துதான் ஆக வேண்டும் என்பவர்களுக்கு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மாநிலம் முழுதும் 40 பாதைகள் உள்ளன. கூடலூர் ஊசிமலை அவற்றுள் ஒன்று. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் உயிர்கள் போன பிறகே மலையேற்ற விதிகள் இறுகின. பாறை பார்க்கிறேன் என்று அனுமதியில்லாத பாதையில் இறங்குபவருக்கு என் நடையில் இடமில்லை.

நிலச்சரிவு நடந்த இடத்தைச் சுற்றுலாவாகக் காட்டுவது சரியா?

வேடிக்கையாகக் காட்டினால் தவறு. ஆனால் இந்த மலையில் புவியியலைச் சொல்லிவிட்டு நிலச்சரிவைச் சொல்லாமல் விடுவது அதைவிடத் தவறு. 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சரிந்தது. 2009 நவம்பரில் மாவட்டம் முழுவதும் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டாவது பதிலில் சொன்ன செம்மண்ணும் உருண்டைக் கல்லும்தான் காரணத்தின் ஒரு பாதி: கெட்டியான பாறைமேல் தடித்த களிமண், வடகிழக்குப் பருவமழையில் நீர் குடித்துக் கனத்து வழுக்குகிறது. மறுபாதி நம்முடையது: சரிவின் அடிவாரத்தை வெட்டுவது, ஓடையை மூடிக் கட்டுவது. தடுப்புச் சுவரில் நீர் வடிய விட்டிருக்கும் குழாய்த் துளைகளைப் பாருங்கள். பாதிக்கு மேல் மண்ணும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கும். மழைக்குப் பிறகும் ஒரு துளையில் நீர் வராவிட்டால் அந்தச் சுவருக்குப் பின்னால் நீர் தேங்குகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டு முண்டக்கை, சூரல்மலையில் நடந்த நிலச்சரிவை யாரும் மறக்கவில்லை. அந்த வெள்ளம் இறங்கிய சாலியாற்றுக்குப் பந்தலூர்ப் பக்கத்து ஓடைகளும் நீர் தருகின்றன. பூங்காக்களுக்கிடையே முதலில் பகிர வேண்டியது விளம்பரச் சிற்றேடு அன்று, மழை அளவும் விரிசல் செய்தியும். உயிரிழந்தோரின் குடும்பங்கள் வாழும் ஊரில், அவர்கள் ஒப்பாமல் பலகையும் வேண்டாம், நடையும் வேண்டாம்.

ஒரு சின்னக் கல்லை ஞாபகத்துக்கு எடுத்துப் போகலாமா?

வேண்டாம். காப்புக்காட்டிலிருந்து கல் எடுப்பது குற்றம். புவிப்பூங்காக்களிலோ, புதைபடிவம், கனிமம், பாறை விற்பனையில் நிர்வாக அமைப்பு பங்கேற்பதற்கே தடை உண்டு. நனைத்துப் பாருங்கள், படம் எடுங்கள், வைத்துவிடுங்கள்.

தரம், தரம் என்கிறீர்கள். எதை வைத்துத் தரம் என்பது?

ஆள் எண்ணிக்கையை வைத்து அன்று. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைக்கப்பட்டது. மலை தாங்காது என்று நீதிமன்றம் சொல்லவேண்டி வந்த பிறகு, இன்னும் கூட்டம் சேர்ப்பதைத் தரம் என்று எவரும் சொல்ல முடியாது. 2024-இல் ஒரு மலையாளப் படம் ஓடியதும் குணா குகைக்குத் திரண்ட கூட்டத்தில், அந்தப் பிளவு எப்படி உண்டானது என்று கேட்டுத் திரும்பியவர் எத்தனை பேர்?

நான் பார்ப்பவை வேறு. ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேருக்கு மேல் இல்லாதிருப்பது. சொல்வது உண்மையாக இருப்பது. தெரியாததைத் தெரியாது என்பது. கழிப்பறை சுத்தமாக இருப்பது. விருந்தினர் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு அந்த ஊரிலேயே தங்குவது. ஒரே நாளில் பத்து இடம் பார்ப்பதற்குப் பதிலாக இரண்டு இடத்தில் நின்று பார்ப்பது. இந்த அளவுகோலை இரு மலைகளும் ஒன்றாக வைத்துக்கொண்டு, நான்காண்டுக்கு ஒருமுறை ஒருவரை ஒருவர் சோதித்தால் போதும். மஞ்சள் அட்டை கொடுக்கும் துணிவு மட்டும் இரு பக்கமும் வேண்டும்.

பலகை வைத்தால் எந்தப் பெயரை எழுதுவது? ஆங்கிலப் பெயரா, ஊர்ப் பெயரா?

இரண்டும், ஊர்ப் பெயர் முதலில். பழைய பெயர்களிலேயே நில அறிவு இருக்கிறது. தொட்டபெட்டா படகு மொழியில் பெரிய மலை. குன்னூருக்கு எதிரே தெரியும் ஹுலிக்கல் துர்க்கத்தில் ஹுலி என்பது புலி, கல் நம் கல்லேதான். ரங்கசாமி மலை இருளர்களுக்கும் படகர்களுக்கும் தெய்வ மலை. அதை வெறும் நானூறு அடிப் பாறைத் தூண் என்று எழுதினால் பாதியை மறைத்ததாகும். கோத்தர் பெண்கள் மட்பாண்டத்துக்குக் களிமண் தேர்வதும், பழநி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பக்கத்துக் கல்திட்டைகளுக்குப் பலகைக் கல் பிளந்து தேர்ந்ததும் புவியியல்தான். அதைச் சொல்லும் உரிமையும் அதற்கான கூலியும் அந்தச் சமூகத்தவருக்கே போக வேண்டும்.

நான் வாடகை கார் ஓட்டுகிறேன். எனக்கு இதில் என்ன?

உங்களோடுதான் விருந்தினர் எட்டு மணி நேரம் இருக்கிறார், என்னோடு இரண்டு மணி நேரம். ஊட்டியிலிருந்து கொடைக்கானல் சவாரி கிடைத்தால், நான்காவது பதிலில் சொன்ன தையலை உடுமலையில் காற்றாலைகள் தெரியும் இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திச் சொல்லுங்கள். பெருமாள்மலைத் தேநீர்க் கடையில் 900 டிகிரிக் கதையைச் சொல்லுங்கள். மேலே ஏறியதும் அங்குள்ள வழிகாட்டி ஒருவரின் எண்ணைக் கொடுங்கள்; அவர் திரும்புகிறவர்களுக்கு உங்கள் எண்ணைக் கொடுப்பார். சீசன் இல்லாத மாதங்களில் குன்னூரில் ஓட்டுநர்களுக்காக அரைநாள் நடை நடத்துகிறேன். கட்டணம் இல்லை, பாட்டிலில் தண்ணீர் மட்டும் கொண்டு வாருங்கள், கல்லை நனைக்க.